இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

அந்த அம்மாவின் கழுத்தில் எப்போதும் ஒரு பித்தளைச் சாவி தொங்கும். கறுப்புக் கயிறு, மூன்று முடிச்சு. பீரோ சாவி என்றுதான் முதல் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடுகள். பீரோ சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்கிற அளவுக்கு ஒரு வீட்டிலும் ஒன்றும் கிடையாது. அதனால் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகமும் இருந்தது.

சந்துக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. நடுவில் பதினோரு அடி. திருவொற்றியூரில் கடற்கரைச் சாலைக்கு மேற்கே இரண்டாவது தெரு அது. அவர் மொட்டைமாடியில் நின்றால் குப்பத்துக் கூரைகளும், கல் கொட்டின கரையும், அதற்கு அப்பால் கடலும் தெரியும். என் மொட்டைமாடியில் நின்றால் அவர் மொட்டைமாடி தெரியும்.

அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அறைக்குள் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. கல்யாண வீட்டு ஆம்ப்ளிஃபயர் பாட்டைப் பெரிதாக்கும். இந்தப் பெட்டி வானொலி அலையைப் பெரிதாக்கும். ஹாம் ரேடியோ என்று சொல்வார்கள். பரீட்சை எழுதி, அரசாங்க அனுமதி வாங்கி, சொந்த வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு. அந்த அம்மா அந்தப் பரீட்சையை ஐம்பத்திரண்டு வயதில் எழுதித் தேறியவர். பெட்டியையும் அவரேதான் கட்டினார். உள்ளே இரண்டு வால்வுகள், பழைய ரேடியோக்களில் இருக்குமே, அந்த ஜாதியில் பெரியவை. பீங்கான் கழுத்து, சுற்றிலும் செதில் செதிலாகத் தகடு. அவற்றுக்கு இரண்டாயிரம் வோல்ட் வேண்டும். வீட்டுக்கு வருகிற கரண்டைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு.

சாவி அந்தப் பெட்டியுடையது. மின்சாரம் போடும் சுவிட்சுக்கும் பெட்டியின் கதவுக்கும் ஒரே சாவி. சுவிட்ச் போட்டிருக்கும்போது சாவி அதில் மாட்டிக்கொண்டிருக்கும், வெளியே வராது. அணைத்தால்தான் உருவ முடியும், உருவினால்தான் கதவைத் திறக்க முடியும். இரண்டாவது சாவி கிடையாது. கதவைத் திறந்த பிறகும் அவர் உடனே கை வைக்க மாட்டார். இடது கையை இடுப்பில் முந்தானைக்குள் செருகிக்கொண்டு, உதடு அசைய அறுபது வரை எண்ணுவார். பிறகு வலது கையால் ஒரு நீளமான கோலை எடுப்பார். கோலின் நுனியில் கொக்கி, கொக்கியிலிருந்து பூமிக்குப் போகும் கம்பி. கொக்கியை உள்ளே ஒரு இடத்தில் தொடுவார், தொங்கவிடுவார். அதற்கப்புறம்தான் விரல் உள்ளே போகும்.

"அணைச்சாச்சே, இன்னும் என்ன பயம்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அணைச்சது நமக்கு தெர்யும் நைனா. பொட்டிக்கு தெர்ய வேணாமா?" என்றார்.

அணைத்த பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்குமாம். ஆளைக் கொல்லப் போதுமான அளவு.

இவ்வளவும் எதற்கு என்றால், சந்திரனுக்கு. ஒரு சமிக்ஞையைச் சந்திரன் மேல் எறிய வேண்டும். அது பட்டுத் திரும்பி வருவதைத் தன் காதால் கேட்க வேண்டும். போய்த் திரும்ப இரண்டரை நொடி ஆகுமாம். நாலு வருடம் அவர் பெட்டி கட்டியது இதற்குத்தான்.

"கேட்டு?" என்றேன்.

"கேட்டு இன்னா. கேட்டாச்சினு அர்த்தம்."

நம் ஊரில் சந்திரன் கடலிலிருந்து கிளம்புகிறது என்பதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரியும். சந்திரன் கிளம்பி முதல் ஒரு மணி நேரம், நேராகப் போகிற அலை ஒன்று, கடல் தண்ணீரில் பட்டு எழும்பிப் போகிற அலை ஒன்று. இரண்டும் சேர்ந்தால் பலம் கூடும். "கடலு கீய நின்னு தூக்கி வுடும் நைனா. கடல வுட்டு உள்ள தள்ளி வூடு வச்சிகினு கீறவனுக்கு இது கெடைக்காது. அவன் பெரிய ஆன்டெனா, பெரிய பொட்டி கட்டணும். எனுக்கு இந்த நாலு கம்பி, இந்த ரெண்டு வால்வு போதும்." சந்திரனுக்கு அனுப்ப எவ்வளவு சக்தி என்பதற்குத் தனியாக அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பெட்டியால் அதைவிட இரண்டு மடங்கு முடியும். கடிதத்தில் இருந்த எண்ணுக்கு நேராக மீட்டரில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். முள் அந்தக் கோட்டைத் தொட்டு நான் பார்த்ததுண்டு, தாண்டிப் பார்த்ததில்லை.

நான் முதல் முறை அவர் வீட்டுப் படி ஏறியது சண்டைக்கு. பதினெட்டுப் படி. ஓட்டல் அடுப்புக்குக் காற்று ஊதுகிற ப்ளோயர் ஒன்று அவர் அறையில் மூன்று நாளாக ஊ என்று ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தவே இல்லை. எனக்கு ரத்த அழுத்தம் உண்டு.

அவர் ஒரு முக்காலியைத் தள்ளி, "குந்து நைனா" என்றார். வால்வுகள் இரண்டும் ராயபுரத்துக் காயலாங்கடையில் கிடைத்தவை. உடைத்த கப்பல் ஒன்றின் ரேடியோ அறையில் இருந்தவை என்று கடைக்காரர் சொன்னாராம். முப்பது வருடம் சும்மா கிடந்தால் வால்வுக்குள் இருக்கும் வெற்றிடம் கொஞ்சம் கெட்டுப்போகும். எடுத்ததும் இரண்டாயிரம் வோல்ட் கொடுத்தால் உள்ளேயே மின்னல் அடித்துச் செத்துவிடும். அதனால் உள்ளே இருக்கும் இழையை மட்டும் சூடாக்கி வைத்து, தானே சரியாக விட வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரம் என்று அவர் வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சூட்டை ஆற்றத்தான் ப்ளோயர்.

"இன்னும் எவ்வளவு பாக்கி?"

"ஒரு மணி."

ஒரு மணிதானே என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கரண்ட் போனது. ப்ளோயர் மெல்ல மெல்ல அடங்கியது. தெருவே நிம்மதியாக இருந்தது. நாற்பது நிமிடத்தில் கரண்ட் வந்தது. அவர் சிலேட்டில் இருந்த 71 என்ற எண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பூஜ்யம் எழுதினார்.

"ஐம்பது நிமிஷம்தானேம்மா குறைஞ்சுது. எழுபத்தொண்ணேகால் மணிக்கும் எழுபத்திரண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒரு வித்தியாசமும் இருக்காது."

"பின்னே?"

"அப்பால அது செத்துப்போச்சினு வை. நான் ஒயுங்கா பண்ணேனா இல்லியானு எனுக்கே சந்தேகம் வரும். வால்வு போனா வேற கெடைக்கும். இது போவாது."

அடுத்த எழுபத்திரண்டு மணி நேரமும் அந்த ஊ சத்தத்தை நானும் கேட்டேன். இந்த முறை சண்டைக்குப் போகவில்லை. நடுவில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று கவலைப்பட்டுக்கொண்டு கிடந்தேன். போகவில்லை.

நான் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணுகிற உத்தியோகம். நாலு கோடு கிழித்து, ஐந்தாவதைக் குறுக்கே போடுவோம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் அவருக்கு டேலி நைனா. அவரைவிட எனக்குப் பதினாலு வயது கூடுதல்.

வீட்டுக் கரண்டை இரண்டாயிரம் வோல்ட்டாக ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றும்போது என்னை எண்ணக் கூப்பிட்டார். தையல் மெஷின் சக்கரம் ஒன்றைக் கழற்றி மேஜையில் பொருத்தி, அதில் கட்டையை மாட்டி, பழுப்பு நிறச் செப்புக் கம்பியைச் சுற்றினார். தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிமன். அவர் நூற்றுக்கு ஒரு புளியங்கொட்டை வைத்து எண்ணினார். நான் கோடு போட்டு எண்ணினேன். மூன்று மாலை வேளைகள் ஆயின. கடைசிச் சுற்று முடிந்ததும் அவர் கணக்கு 1,842. என் கணக்கு 1,846.

துறைமுகத்தில் இது தினப்படி நடப்பது. கப்பல்காரன் சார்பில் ஒரு டேலி, கரை சார்பில் ஒரு டேலி. சாயங்காலம் இரண்டு தாளும் ஒத்துப்போகாது. டீ குடித்துக்கொண்டே நடுவில் ஓர் எண்ணுக்கு வந்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அதே பழக்கத்தில், "1,844 என்று எழுதிக்குங்கம்மா" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமில்லை. புரியாமல் பார்ப்பதைப் போலத்தான் பார்த்தார்.

"கம்பி வந்து கையெழுத்து போடுமா நைனா?"

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் சமையலறையில் குக்கர் கத்தியது. எங்கள் வீட்டில் கொண்டைக்கடலைக்கு நாலு விசில். என் மனைவி மறந்துவிடுவாள் என்று நான்தான் எங்கே இருந்தாலும் எண்ணிக்கொண்டிருப்பேன். முந்தைய நாள் மாலையிலும் கொண்டைக்கடலை. சந்தைத் தாண்டி விசில் வந்தபோதெல்லாம் தாளில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. நாலு விசில், நாலு கோடு.

பதினெட்டுப் படியும் ஏறி ஓடினேன். "அம்மா, உங்க கணக்குத்தான் சரி, 1,842. மிச்சம் நாலும் குக்கர்" என்றேன். அவர் அதற்குள் பாதிக் கம்பியைப் பிரித்திருந்தார். சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பிரிப்பதைத் தொடர்ந்தார்.

"அதான் சரியாப் போச்சே, ஏன் பிரிக்கிறீங்க?"

"நீ குக்கர பாத்துகினு இருந்தே. சரி. நான் உன் மூஞ்சிய பாத்துகினு இருந்தேனோ இன்னமோ. கம்பிய யாரு பாத்தது? எங்கியாவது ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, தோலு கீறியிருந்தா? ரெண்டாயிரம் வோல்ட்டு அந்த எடத்தத்தான் தேடிகினு போவும்."

முழுக்கப் பிரித்தார். விரலால் தடவிக்கொண்டே பிரித்தார். எங்கேயும் ஒரு கீறல் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. அவருக்கு நிம்மதி வந்தது. மறுபடி மூன்று மாலைகள் சுற்றினோம். என் வீட்டில் அந்த மூன்று நாளும் குக்கர் வைக்கவில்லை. இரண்டு பேர் கணக்கும் 1,842. அப்போதுதான் நோட்டில் எழுதினார்.

இடது கையை ஏன் இடுப்பில் செருகிக்கொள்கிறார் என்று நான் கேட்டதில்லை. கம்பி சுற்றிய நாட்களில்தான் அந்தக் கையைப் பக்கத்தில் பார்த்தேன். சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அவர் விம்கோ நகர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இருபத்தாறு வருடம் பிளாஸ்டிக் ஒட்டுகிற மெஷினில் வேலை செய்தவர். ரேஷன் கார்டு கவர், மழைக்கோட்டு, பள்ளிக்கூட ஃபைல். அந்த மெஷினிலும் வால்வு உண்டு, அலையாலேயே பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும். ஓட்டக் கற்று, பிறகு ரிப்பேரும் கற்று, அந்த வழியாகத்தான் ரேடியோவுக்கு வந்திருக்கிறார்.

மெஷினின் கதவைத் திறந்தால் கரண்ட் தானாக நிற்க ஒரு சுவிட்ச் உண்டு. அடிக்கடி நின்றுபோய் வேலை கெடுகிறதென்று யாரோ அந்தச் சுவிட்சை நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். அவர் கதவைத் திறந்தார், கரண்ட் நின்றுவிட்டது என்று நம்பிக் கை வைத்தார். அன்றிலிருந்து அந்த இரண்டு விரல்களில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

"யார் கட்டினது?" என்றேன்.

"யாரு கட்னா இன்னா. நான் பாக்கல." கொஞ்ச நேரம் கம்பியைச் சுற்றினார். "சுவிச்ச நூலு போட்டு கட்டலாம் நைனா. சாவிய கட்ட முடியாது. ஒண்ணுதான கீது."

பெட்டியை முதன்முதலில் கொஞ்சமான சக்தியில் ஓட்டிப் பார்த்த நாளில் என் வீட்டுக் காலிங் பெல் தானாக அடித்தது. ஒன்பது முறை. ஒன்பது முறையும் போய்க் கதவைத் திறந்தேன். சந்தின் கோடியில் இருக்கும் ஆட்டோக்காரர் வீட்டு டிவியில் படம் கிழிந்தது. அன்று சாயங்காலமே அந்த அம்மா ஒரு பை நிறையக் காந்த வளையங்களோடு வீடு வீடாக வந்தார். பெல் ஒயரை வளையத்தில் ஏழு சுற்று சுற்றினார், பெல் வாயை மூடிக்கொண்டது. கையோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. பக்கத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் என்னென்ன கருவி இருக்கிறது, அலை பட்டால் எது கெடும் என்றெல்லாம் அதில் எழுதிக்கொண்டார். சுற்றிலும் பதினாலு வீடு. என் வீடு பதினாலாவது. 'பெல்லு, டிவி' என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு சுவிட்ச் போடுமுன் ஒவ்வொரு முறையும் கைப்பிடிச் சுவரில் வந்து நின்று, ஆன்டெனாவுக்கு எதிரே யாரும் இல்லை என்று தெரிய, தலை எண்ணுவார். "நைனா, எங்க கீறே?" "உள்ளேதாம்மா." "ஆட்டோ?" ஆட்டோக்காரர் கீழிருந்து, "இங்கதான் கீறேன் அக்கா. இன்னா, நிலாவுக்கு போன் போட போறியா? அங்க கெய்வி வடை சுட்டுகினு கீதாமே, ரெண்டு பார்சல் சொல்லு" என்பார்.

"உன் ஆட்டோ ஹாரன் அங்க வரிக்கும் கேக்குதாம். அத்த நிறுத்தினாதான் வடையாம்."

ஆட்டோக்காரர் பதிலுக்கு ஹாரனை மூன்று தரம் அடிப்பார். தெரு சிரிக்கும். அந்த அம்மா மட்டும் விரல் விட்டு மிச்சத் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு தலை குறைந்தாலும் சாவி கழுத்தை விட்டு இறங்காது.

புரட்டாசியில் ஒரு நாள் திருவொற்றியூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில், பதினேழாவது படியில் நான் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்த்தார்கள். இதயம் நிமிடத்துக்கு முப்பத்தாறு. இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்தார்கள். அறுபதுக்குக் கீழே விடாது என்றார் டாக்டர். எனக்கு அறுபதுக்கு மேலும் போவதில்லை. கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்து பத்து நிமிடம் எண்ணினேன். அறுநூறு. பெரிய மோட்டார், வெல்டிங், ரேடியோ அனுப்புகிற இடம், இதற்கெல்லாம் பக்கத்தில் போகாதீர்கள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள்.

ரேடியோ அனுப்புகிற இடம் பதினோரு அடியில் இருந்தது.

பெட்டி அப்போது முழுதாக முடிந்திருந்தது. ஐப்பசி வளர்பிறையில் சந்திரனுக்கு அனுப்பப் போகிறார். நான் ப்ளோயர் சத்தத்துக்கும், மாடியில் காயப்போட்ட வேட்டி மேல் ஆன்டெனா நிழல் விழுவதற்கும் புகார் சொன்னவன். இதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார் என்று நிச்சயமாகத் தெரியும். தோளில் கட்டி எடுத்தார்கள் என்று தெருவில் சொன்னேன். அவர் அனுப்பும் சாயங்காலங்களில் டோல்கேட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தேன். தேரடியிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிலையம்.

என் மனைவிக்கு ரகசியம் என்பது மீன் வண்டி வரும்வரைதான். நாலாம் நாள் அந்த அம்மா நோட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"பதினாலாவது வூடு. பெல்லு, டிவி. வேற எதுனா எழுதாம உட்டுட்டேனா நைனா?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"தோள்ல கட்டினு சொன்னியாமே."

"அந்த நேரத்துக்கு நான் டோல்கேட் போயிடுறதா இருந்தேம்மா."

"அன்னிக்கினு மெட்ரோ நின்னுபூட்டா? ஒடம்பு முடியாம இங்கியே பட்த்துட்டா? நீ இல்லேனு நெனச்சிகினு நான் அங்கேர்ந்து அட்ச்சிகினு இருப்பேன்." குரல் உயரவே இல்லை. "நூலு போட்டு கட்டிட்டியே நைனா."

பிறகு கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவர் கழுத்தை வெறுமையாக நான் பார்த்தது அன்றுதான். "இது உன்னாண்ட இருக்கட்டும். நீ குட்தாதான் அது ஓடும். நான் வந்து கேக்க மாட்டேன்."

ஒரே ஒரு முறை வாங்கினார். என்னை டோல்கேட்டுக்கு அனுப்பிவிட்டு, பெட்டியைச் சிவப்புக் கோடு வரை ஓடவிட்டு, தானே செய்த ஒரு மீட்டரோடு என் வீட்டில் இருபத்திரண்டு இடங்களில் அளந்தார். என் கட்டில், என் நாற்காலி, குளியலறை, மொட்டைமாடி. வீட்டுக்குள் முள் அசையவில்லையாம். ஆன்டெனா கடலைப் பார்க்கிறது, என் வீடு அதன் முதுகுப் பக்கம். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் மட்டும் இலேசாக அசைந்தது. அந்த இடத்துக்கு மூன்று அடி முன்னாலேயே மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டார். சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அளவுகளை ஒரு தாளில் எழுதி அதையும் கொடுத்தார். டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். பேஸ்மேக்கர் செய்த கம்பெனி ஆளிடம் பேசிவிட்டு, மூன்று நாள் கழித்து, கோட்டைத் தாண்டாமல் இருந்தால் பயமில்லை என்றார்.

தாள் சொல்லிவிட்டது, டாக்டர் சொல்லிவிட்டார். பயம் கேட்கவில்லை. சாவியை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருந்தேன். காலையில் ஒரு தரம், படுக்குமுன் ஒரு தரம் திறந்து முடிச்சுகளை எண்ணுவேன்.

ஐப்பசி போயிற்று. கார்த்திகை போயிற்று. வளர்பிறைச் சாயங்காலங்களில் அவர் மாடிக்கு வருவார். இடது கையை இடுப்பில் செருகிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பார். சந்திரன் கையகலம் ஏறியதும் கீழே இறங்கிவிடுவார். என் பக்கம் திரும்பியதே இல்லை. அப்படி ஆறு சாயங்காலங்கள். பதினெட்டுப் படி இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன், அல்லது சண்டை போட்டிருப்பேன். இரண்டுக்கும் அவர் இடம் தரவில்லை.

மார்கழி பிறந்ததும் ஆட்டோக்காரர்தான் சொன்னார். "விசயம் தெர்தா நைனா? தை பொறந்தா அக்கா வூட்ட காலி பண்ணுது. ஓனரு இட்ச்சிட்டு ஃபிளாட் கட்ட போறான். மீஞ்சூர்ல பொண்ணு வூட்டுக்கு போவுதாம்."

"மீஞ்சூர்ல கடல் தெரியுமா?"

"இன்னா நைனா, டேலி தப்புது உனுக்கு. மீஞ்சூர்ல ஏது கடலு?"

அன்று மத்தியானமே பதினெட்டுப் படி ஏறினேன். நடுவில் ஒரு முறை நின்றேன். அவர் சட்டியில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"வூட்ட காலி பண்றத யாரோ சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"அதுக்கோசரம் குடுக்காத."

"அதுக்காகவும்தான். எனக்கும் கேட்கணும்மா. நான் டோல்கேட் போகலை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்."

என் முகத்தை வெகுநேரம் பார்த்தார், கம்பியில் கீறல் தேடியதைப் போல. பிறகு சாவியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நோட்டை எடுத்து, பதினாலாவது வீட்டுப் பக்கத்தில், பெல்லு, டிவிக்குக் கீழே 'நெஞ்சு' என்று எழுதினார்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு. மாலை மூன்றே முக்கால். நல்ல வெயில். சந்தின் குறுக்கே இரண்டு கொடிகள் கட்டியிருந்தார். ஒன்று ஒயர், அதன் முனையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர். இன்னொன்று கயிறு. "நெஞ்சுல எதுனா ஒரு மாரி இருந்தா இத்த இழு. அங்க அணைஞ்சிடும். வெக்கப்படாம இழு." கயிறு பெட்டியின் சுவிட்சுக்குப் போனது.

தலை எண்ணினார். ஆட்டோக்காரர் அன்று வடை கேட்கவில்லை. "கீறேன் அக்கா" என்றதோடு சரி.

கடலில் சந்திரன் தெரியவில்லை. வெயிலில் எப்படித் தெரியும். வெளுத்த வானம், வெளுத்த தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் புகைபோல ஒரு மங்கல். ஆனால் அவர் கடிகாரத்தைப் பார்த்து, "வந்தாச்சி" என்றார். நாலு ஆன்டெனாவும் ஒன்றுமில்லாத அந்த இடத்தைப் பார்த்து நின்றன. 

அறையின் திறந்த வாசல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. இடது கை இடுப்பில். வலது கை, தந்தி அடிக்கிற கட்டையில். ஒரு தட்டு, ஒரு நொடி நீளம். ஸ்பீக்கரில் பீ என்று ஒலித்து, நின்று, பிறகு மழை பெய்வதைப் போல இரைச்சல். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு தட்டு. நான் இடது மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டேன், பயத்தில்தான். நெஞ்சு படபடக்க வேண்டிய நேரம். அது அறுபதிலேயே நின்றது.

தட்டுக்குத் தட்டு விரலை எடுத்துத் தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பத்து தட்டு. இருபது. திரும்பி வருவது ஒன்றுமில்லை, இரைச்சல்தான். முப்பது. அவர் அவசரப்படவில்லை. மீட்டரைப் பார்த்தார், ஆன்டெனாவை ஒரு நூல் உயர்த்தினார், மறுபடி தட்டினார். முள்ளைச் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஏற்றினால் ஒருவேளை கேட்கும். அதற்குப் பெட்டியில் இடமிருந்தது. தையில் வீடு போய்விடும். என்னைத் தவிர யாரும் பார்க்கவும் இல்லை. அந்தக் குமிழ் பக்கம் அவர் கை போகவில்லை. நாற்பது.

நாற்பத்து மூன்றாவது தட்டு. பீ. நின்றது. பீ தொடங்கியதிலிருந்து விரலுக்கடியில் நாடி ஒன்று. இரண்டு. மூன்றாவது அடிப்பதற்குள், இரைச்சலுக்கு அடியிலிருந்து, அனுப்பியதைவிட மெலிசாக, கொஞ்சம் மேல் சுதியில், ஒன்று வந்தது. ஒரு நொடி நீளம். போய்விட்டது.

இடது கையில் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். இழுக்கவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி தட்டினார். மறுபடி இரண்டு துடிப்பு, மூன்றாவதற்கு முன்னால் அது வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. நாலாவது முறை வரவில்லை. ஐந்தாவது முறையும் இல்லை. அவர் கட்டையிலிருந்து கையை எடுத்தார். சுவிட்சை அணைத்தார். சாவியை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். உள்ளே திறந்து பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் பெட்டிக்கு முன்னால் நின்று, இடது கையை முந்தானைக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டு, எண்ணத் தொடங்கினார். நானும் மணிக்கட்டைப் பிடித்தபடி எண்ணினேன். அறுபது துடிப்பு. அவர் தோள்கள் குலுங்கியதை நடுவில் பார்த்தேன். எண்ணிக்கை நிற்கவில்லை. அறுபது முடிந்த பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவருக்கு வந்தார்.

"நைனா, ஒடம்பு எப்டி கீது?"

"நல்லா இருக்கு."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. மூணு தரம்."

"எத்தினில வந்துச்சி?"

"ரெண்டு தாண்டி வந்தது. மூணு ஆகலை."

அவருக்குப் பின்னால், கடலுக்கு மேலே, வெயிலோடு வெயிலாக, கரைந்துபோன சுண்ணாம்பு மாதிரி சந்திரன் அப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது.

"நானும் அத்தான் எண்ணினேன்" என்றார். "ரெண்டு பேர் கணக்கும் ஒண்ணா வர்து. எழுதிக்கோ."

எழுதினேன்.